ருசி மட்டும்தான் பார்த்தேன்

உக்காரு பாப்பா, தாராளமா உக்காரு. பையை நான் மடியில வச்சிக்கறேன். வேணாம் வேணாம், நீ வாங்காதே, இது என்கிட்டயே இருக்கட்டும். உள்ள ஒரு டின்னு இருக்குது. காலி டின்னுதான். பாலாத்துப் பாலம் வந்தா ஜன்னல் வழியா வீசிடலாம்னு எடுத்துகினு வந்தேன். வீட்டுக் குப்பையில போட்டா எங்க வீட்டுக்காரரு பொறுக்கியாந்து கழுவி ஷோகேஸ்ல அடுக்கிடுவாரு. இந்த டின்னு என் வீட்ல இருக்கக் கூடாது.

கழுத்துல பட்டை தொங்குதே, ஆஸ்பத்திரியிலயா வேலை? நர்ஸா? அப்பாடா. சாமி பாத்து உன்னை என் பக்கத்துல உக்கார வச்சிருக்குது. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அதுக்கு முன்ன கொஞ்சம் தண்ணி குடும்மா. காலையிலருந்து நாக்கு மேலண்ணத்துல ஒட்டிகினே இருக்குது. எதுக்கு ரெண்டு பாட்டிலு, ஒண்ணு போதும். ஓ, ஒண்ணுதானா? சரி சரி. கண்ணு டாக்டரைப் பாக்கத்தான் வேலூருக்குப் போறேன், லீவு நாள்லயும் பாப்பாராம். கண்ணாடி மாத்தணும். ராத்திரி பொட்டுத் தூக்கமில்ல, அதான் எல்லாம் மசமசன்னு கீது.

எதுக்குத் தூக்கமில்லன்னு கேளு. அவரைப் பாத்துகினே உக்காந்திருந்தேன். மூச்சு விடறாரா, விடறாரான்னு. மனுஷன் கொறட்டை விட்டுகினு தூங்கறாரு, நான் எதுத்தாப்ல உக்காந்து அந்த மூச்சை எண்ணிகினு இருக்கறேன். இதான் என் பொழப்பு. இன்னிக்கு நேத்து இல்ல, ரெண்டு வருஷமா இதான் பொழப்பு.

அவரு மிலிட்டரி. சுபேதார் தணிகாசலம்னா குடியாத்தத்துல எல்லாருக்கும் தெரியும். சப்ளை டிப்போவுல இருந்தாரு. வேலை இன்னான்னா, மலை மேல இருக்கற ஜவானுங்களுக்கு டின்னுல அடைச்ச சாப்பாடு போவுமே, கறி, மீனு, அல்வா, அதையெல்லாம் தட்டிப் பாத்து, மோந்து பாத்து, ருசி பாத்து, இது பாஸ், இது பெயில்னு சொல்றது. பழைய ஸ்டாக்கைத்தான் அதிகமா பாப்பாங்களாம். அதுல அவரு பெரிய ஆளு. கர்னலு கூட இவரு மூஞ்சியைப் பாத்துட்டுத்தான் ஸ்பூனை எடுப்பாராம். இவரு சொல்றதுதான், நான் போய்ப் பாக்கல.

ரிட்டயர் ஆயி வந்தாரு, சும்மா இருந்தாரு. சும்மா இருந்திருக்கலாம். எங்க மருமவன் ஒரு கேமரா போனை வாங்கிக் குடுத்தான். அன்னிக்குப் போச்சு என் நிம்மதி. 'சுபேதார் டின்'னு ஒரு சேனல் ஆரம்பிச்சாரு. பழைய மிலிட்டரி டின்னை எங்கெங்கயோ தேடி வரவழைச்சு, கேமரா முன்னாடி ஒடைச்சு, ருசி பாத்து, பாஸா பெயிலான்னு சொல்றது. இதை லட்சம் பேரு பாக்கறாங்கம்மா! வேற வேலையே இல்லையா ஜனங்களுக்கு? எந்த நாட்டுச் சண்டையிலயோ மிஞ்சின பிஸ்கட்டு, அவருக்கே மூத்த பிஸ்கட்டு, அதையும் ஒருத்தன் அனுப்பறான். இவரும் கடிச்சுட்டு, 'மக்களே, கொஞ்சம் மரத்தூள் வாசனை, ஆனா பாஸ்'ங்கறாரு. துன்றதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலையா இந்த ஊர்ல?

வாசனைன்னு சொன்னேன் பாரு, அதுலதான் இருக்குது சங்கதி. இதை நீ யார்கிட்டயும் சொல்லிடாதே. கொரோனா வந்துச்சில்ல, அதுல அவருக்கு மூக்கு செத்துப் போச்சு. அப்பால திரும்பி வரவே இல்ல. மல்லிப்பூவும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒண்ணுதான். நாக்குலயும் உப்பு ஒரைப்பு தவிர ஒண்ணும் தெரியாது. டாக்டர்கிட்ட காட்டுங்கன்னா கோவம் வருது. டிப்போவுலயே பெரிய மூக்கு, அது போச்சுன்னு எப்படி வெளிய சொல்லுவாரு? சேனலை நிறுத்துங்கன்னேன். அன்னிக்கு முழுக்கச் சாப்பிடல, மூஞ்சியைத் திருப்பிகினு சுவரைப் பாத்தே படுத்திருந்தாரு. எனக்குப் பொறுக்கல. சரி, நான் மோந்து பாத்துச் சொல்றேன்னேன். என் வாயில நானே மண்ணள்ளிப் போட்டுகிட்டேன்.

அதிலருந்து நான்தான் மூக்கு. டின்னை ஒடைச்சதும் அவரு தட்டு எடுக்கற மாதிரி கேமராவுக்கு இந்தப் பக்கம் ஒரு கரண்டி நீட்டுவாரு. நான் வாங்கி மோந்து பாத்து, நுனி நாக்குல வச்சுப் பாப்பேன். வேணாம்னா மூக்குத்தியைத் தொடுவேன். இந்தா, இப்படி. அவ்ளோதான். அந்த மனுஷன் பேச்சோட பேச்சா, 'மக்களே, இது பெயில்'னு மூடி வச்சிடுவாரு. வாயால நான் நூறு சொல்லுவேன், ஒண்ணு காதுல ஏறாது. 'பயந்தாங்கொள்ளி, போ அந்தாண்ட'ம்பாரு. ஆனா மூக்குத்தியைத் தொட்டா, மறுபேச்சு கெடையாது. கல்யாணம் ஆனதிலருந்து நான் சொல்லி அவரு கேட்டது அது ஒண்ணுதான்.

சூடு பண்ணினப்பறம் பாத்தா ஆவாதான்னு ஒருநாள் கேட்டேன். 'சூட்டுல மசாலா தூக்கும், கெட்டது அமுங்கிடும். பச்சையாத்தான் பாக்கணும், அதான் டிப்போ ரூலு'ன்னாரு. சரின்னு பச்சையாவே பாக்கறேன். அப்பால அவரு சின்ன மிலிட்டரி அடுப்பைக் கொளுத்தி, தளதளன்னு கொதிக்க வச்சுத்தான் துன்னுவாரு. ஆவி பறக்கணுமாம், அப்பத்தான் பாக்கறவங்களுக்கு எச்சில் ஊறுமாம். இதுல ஷோக்கு வேற.

இன்னாம்மா அப்படிப் பாக்கறே? ரொம்ப வளவளன்னு பேசறேனா? தலைவலின்னா சொல்லு, நிறுத்திடறேன். இல்லையா? சரி.

நான் கேக்கணும்னது இதான். ஒரு விஷம் இருக்குதாமே? டின்னுக்குள்ளயே பூக்குமாம். வாசனை கெடையாதாம், ருசியும் கெடையாதாம். அவருதான் சொன்னாரு, அதுவும் சாப்பிட உக்காந்தப்போ, ரசத்தை ஊத்திகினே கதை மாதிரி சொல்றாரு. அவரு டிப்போவுல சேர்றதுக்கு முன்ன எவனோ ஒரு ஜவான் அப்படிப் போனானாம். மொதல்ல கண்ணாம். இமை தொங்கிடுமாம். ஒண்ணு ரெண்டாத் தெரியுமாம். வாய் காஞ்சு போவும், நாக்கு தடிச்சிடும், முழுங்க முடியாது. அப்படியே எறங்கி எறங்கி மூச்சு நிக்குமாம். புத்தி மட்டும் கடைசி வரைக்கும் தெளிவா இருக்குமாம் பாப்பா. எல்லாம் கேக்குமாம், எல்லாம் தெரியுமாம், வாயைத் திறந்து ஒண்ணும் சொல்ல முடியாதாம். கேட்டதிலருந்து எனக்குச் சோறு எறங்கல. வாசனையில்லாததை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? என்னை நம்பித்தானே அந்த மனுஷன் வாயில வைக்கறாரு?

அதனால நான் ஒண்ணு பண்ணுவேன். அவரு டின்னு துன்ன நாளெல்லாம் பின்னாடியே சுத்துவேன். 'இமையைத் தூக்குங்க, இந்த வெரலைப் பாருங்க, எத்தினி தெரியுது சொல்லுங்க'ன்னு கேட்டுகினே இருப்பேன். 'ஒண்ணுடி, ஒண்ணுதான்டி, உசுரை வாங்காதே'ன்னு கத்துவாரு. அந்தக் கத்தலைக் கேட்டாத்தான் எனக்கு உசுரு வரும்.

நேத்து டின்னு இருக்குதே, அதான் இந்தப் பையில இருக்கறது. அவரு சிநேகிதரு எத்திராஜ்னு ஒருத்தரு, டிப்போவுக்கு வர்றதுக்கு முன்ன மலை மேல ஒண்ணா இருந்தவங்க, போன மாசம் தவறிட்டாரு. அவரு சம்சாரம் பரண்ல இருந்த ஒரு டிரங்குப் பொட்டியை இவருக்குக் குடுத்து அனுப்புச்சு. தொறந்தா உள்ள கறி டின்னு. அந்தக் காலத்து டின்னு, காக்கி கலரு. பனியில மாட்டிகிட்டப்போ இவங்க ரெண்டு பேரும் இதே டின்னைத்தான் பச்சையா, கத்தியில குத்தித் துன்னாங்களாம். எத்திராஜு அந்த ஞாபகத்துக்காகக் கொஞ்சம் எடுத்தாந்து வச்சிருந்திருக்கறாரு. அதைப் பாத்துட்டு எங்க வீட்டுக்காரரு அழுதாரும்மா. அவங்க அம்மா செத்தப்போ கூட அழாதவரு.

எனக்குப் பாத்ததுமே பிடிக்கல. உப்பல, துருவும் ஏறல. ஆனா மூடி ஒட்டற ஓரத்துல ஒரு நசுங்கல். நகத்தை வச்சா நிக்குது. 'இது வேணாங்க'ன்னேன். 'உனக்கு எதுதான் வேணும்'னாரு. அதுக்கு முன்ன வரிசையா நாலஞ்சு டின்னுக்கு மூக்குத்தியைத் தொட்டிருந்தேன், அந்தக் கடுப்பு அவருக்கு. 'எத்திராஜு டின்னையும் பெயில் பண்ணிட்டேன்னா, அவன் மூஞ்சில நான் எப்படி முழிக்கறது'ன்னாரு. செத்தவரு மூஞ்சில எதுக்கு முழிக்கணும்? கேக்கத் தோணுச்சு, கேக்கல.

கரண்டி நீட்டினாரு. மோந்து பாத்தேன். ஒண்ணுமே இல்ல பாப்பா. அத்தினி வருஷத்துக் கறி, ஒரு நாத்தம் வேணாமா? அதான் எனக்குப் பயம் வந்துடுச்சு. நுனி நாக்குல வச்சேன், உப்பு தெரிஞ்சுது, அவ்ளோதான். மனசு கேக்கல. இன்னொரு வாய் எடுத்து நல்லா மென்னு பாத்தேன், முழுங்கியும் பாத்தேன். திரும்பவும் ஒரு துண்டு. கை மூக்குத்தி வரைக்கும் போச்சு. அவரு என்னையே பாத்துகினு இருக்கறாரு, கண்ணு ஈரமா கீது. கையை எறக்கிட்டேன். என்ன சொல்லி பெயில் பண்றது? ருசியில ஒரு கொறையும் இல்லையே.

அவரு கொதிக்க வச்சு, எத்திராஜு பேரைச் சொல்லி, துன்னாரு. அப்பலருந்து இந்த நிமிஷம் வரைக்கும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ராத்திரியெல்லாம் டார்ச்சு அடிச்சு அவரு இமையைப் பாத்தேன். காலையில வெரலைக் காட்டினேன், 'ஒண்ணு'ன்னாரு. இட்லி துன்னாரு, பேப்பர் படிச்சாரு, என்னைத் திட்டினாரு. நல்லாத்தான் இருக்கறாரு. எனக்குத்தான் அவரு முகமே கலங்கலாத் தெரிஞ்சுது, அழுது அழுது. காப்பி குடிச்சேன், அது கூட எறங்காம மூக்கு வழியா வந்துடுச்சு. பயம் என்னென்ன பண்ணுது பாத்தியா?

'போ, போயி மொதல்ல உன் கண்ணைக் காட்டிட்டு வா'ன்னு அவருதான் பஸ் ஏத்திவிட்டாரு.

இன்னா? நான் சாப்பிட்டனாவா? அய்ய, நான் எங்க சாப்பிட்டேன்! ருசி மட்டும்தான் பார்த்தேன். சாப்பிட்டது அவரு. அதுக்குத்தானே உன்னைக் கேக்கறேன், இன்னும் எவ்ளோ நேரம் அவரைப் பாத்துகினு இருக்கணும்? சூடு பண்ணித்தான் துன்னாரான்னா, ஆமா, சொன்னனே, தளதளன்னு. நான் பார்த்தது பச்சையா. அதையும்தான் சொன்னனே.

ஏம்மா மூஞ்சி மாறுது உனக்கு?

வெரலைப் பாக்கணுமா? நானா? சரி, காட்டு. ரெண்டு. இல்லையே, ரெண்டுதான் காட்டறே. ஒரு வெரலா? சும்மா சொல்லாதே. நல்லா முழிச்சுத்தான் பாக்கறேன். இமையைத் தூக்கித்தான் வச்சிருக்கறேன் பாப்பா. தூக்கலையா? நீ எதுக்கு உன் கையால தூக்கறே?

அய்யோ.

அய்யோ, அய்யோ. கண்ணு. வாய் காயுது. காப்பி எறங்கல. நான் அவரையே பாத்துகினு இருந்தேனே. அவரையேதானே பாத்துகினு இருந்தேன்!

கையைப் பிடிச்சுக்கோ, விட்டுடாதே. எனக்குப் பயமா இருக்குது. செத்துடுவனா? உண்மையைச் சொல்லு. மருந்து இருக்குதா? உங்க ஆஸ்பத்திரியிலயே இருக்குதா? சீக்கிரம் போனா பொழைச்சுக்கலாமா? அப்போ கண்டக்டர்கிட்ட சொல்லு, எங்கயும் நிறுத்தாம போவச் சொல்லு. எழுந்து போ, நான் கம்பியைப் பிடிச்சுக்கறேன். டின்னை வீசக் கூடாதா? டாக்டருக்கு வேணுமா? சரி, இந்தா, நீயே வச்சுக்கோ. பாலம் போயிடுச்சா? நல்ல வேளை, பேச்சுல மறந்தேன்.

அவருக்கு ஒண்ணும் ஆவாது இல்ல? கொதிக்க வச்சா அந்த விஷம் செத்துடுமா? நல்லாக் கொதிச்சுதா, நானே பாத்தேன். ஆவி பறந்துச்சு. அந்த ஷோக்குல பொழைச்சுகிட்டாரா மனுஷன்! அப்போ நான் மட்டும்தான். சரி. நான் மட்டும்னா பரவாயில்ல. இல்ல, பரவாயில்லன்னு இல்ல, எனக்கும் பயமாத்தான் கீது. ஆனா அவருக்கு ஒண்ணுமில்ல.

இரு. இரு பாப்பா. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை.

இன்னிக்கு மத்தியானம் அவரு மிலிட்டரி சிநேகிதருங்க எல்லாம் வீட்டுக்கு வர்றாங்க. ஏகாம்பரம், சாமுவேலு, இன்னும் யார் யாரோ. எத்திராஜுக்காக லைவ்ல உக்காந்து அந்தப் பொட்டியில மிச்சமிருக்கற டின்னை ஒடைக்கப் போறாங்க. அதுவும் பச்சையா! மலை மேல துன்ன மாதிரியே, சூடு பண்ணாம, கத்தியில குத்தி. 'ஒரே பொட்டி, நேத்து நீ பாஸ் பண்ணிட்டே, இன்னிக்கு உனக்கு வேலையில்ல'ன்னு சொல்லித்தான் என்னை அனுப்பினாரு. எல்லா டின்னுலயும் அதே நசுங்கல் இருந்துச்சும்மா. பொட்டி எங்கயோ விழுந்து ஒரே பக்கமா அடிபட்டிருக்குது. நான் பாத்தேன், எல்லாத்தையும் தடவிப் பாத்தேன்.

போனு. என் போனு, பையில, வெத்தலைப் பொட்டிக்குப் பக்கத்துல. எனக்கு நம்பர் தெரியல, எல்லாம் ரெண்டு ரெண்டா ஓடுது. தணிகான்னு இருக்கும், நீ அழுத்து. காதுல வை.

என்னங்க. நான்தான். நான்தாங்க. கேளுங்க, அந்த டின்னை... இல்லைங்க, கேளுங்க, எனக்குக் கண்ணு... நான் அழல, நாக்குதான் பொரள மாட்டேங்குது... டின்னு வேணாங்க, வேணாம்...

வச்சிட்டாரு. 'ஆரம்பிச்சுட்டியா, எல்லாரும் வந்தாச்சு, லைவ் போடற நேரத்துல ஒப்பாரி வைக்காதே'ன்னு வச்சிட்டாரு. பயந்தாங்கொள்ளின்னு சொல்லி எல்லாரும் சிரிக்கற சத்தம் கேட்டுச்சு. திரும்ப அடி. எடுக்கலையா? திரும்ப அடிம்மா. நீ சொன்னாலும் கேக்க மாட்டாரு, யாருன்னு கேப்பாரு, நான்தான் சொல்லிக் குடுத்தேம்பாரு. அதுக்குள்ள வாயில வச்சிடுவாங்க. சாமுவேலுக்குப் பேத்தி பொறந்து பேரு கூட வைக்கல.

இரு. மொகம் தெரியற மாதிரி பேசுவாங்களே, அது உன் போன்ல வருமா? மொகம் தெரிஞ்சாப் போதும். பேச்சு வேணாம். அவருக்குப் பேச்சுல என்னை நம்பத் தெரியாது. போடு, போட்டுகினே இரு. லைவுக்கு வேற போனு, இதுல மனுஷன் தெரியாத நம்பர்னா எடுப்பாரு, விசிறிங்க யாரோன்னு நெனைச்சுப்பாரு.

எடுத்துட்டாரா? பிடி, நேரா பிடி. எனக்கு மூச்சு வாங்குது, நீ பிடி. இன்னும் மேல, என் மூஞ்சி முழுசாத் தெரியணும். ஒரு கையால என் இமையைத் தூக்கிப் பிடிச்சுக்கோ.

தெரியறாரு. ரெண்டு பேராத் தெரியறாரு. ரெண்டு பேரு கையிலயும் கத்தி கீது, நுனியில கறி.

நீ பேசாதே பாப்பா. ஒண்ணும் சொல்லாதே. பின்னாடி சிரிச்சா சிரிக்கட்டும். என் கையைக் கொஞ்சம் தூக்கி விடு, வர மாட்டேங்குது. மூக்குகிட்ட. இன்னும் கொஞ்சம். ஆங், தொட்டுட்டேன். மூக்குத்திதானே இது? வெரல் மரத்துப் போச்சு, தெரியல. மூக்குத்தி மேலதானே இருக்குது?

பாத்துட்டாரா? சிரிப்பு நின்னுடுச்சே. என்ன பண்றாரு? கீழ வச்சிட்டாரா?

நல்லாப் பாத்துச் சொல்லும்மா. எனக்கு இன்னும் ரெண்டு கத்தி தெரியுது. ஒண்ணு கூட அவரு கையில இருக்கக் கூடாது.